சேலத்தில் ரீபோர் வேலை: பிளாக்கை எவ்வளவு குடையலாம், எப்படிப்பட்ட பட்டறையில் கொடுக்கலாம்

ரீபோர் என்பது தேய்ந்த சிலிண்டரைச் சற்றுப் பெரிதாகக் குடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடுவது; பட்டறைப் பேச்சில் போர் போடுவது. சேலத்தில் இன்ஜின் பிளாக்குக்குப் போர் போடும் பட்டறைகளுக்குப் பஞ்சமே இல்லை. சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு என்று சுற்றிலும் லாரியையும் ரிக் வண்டியையும் நம்பிப் பிழைக்கிற ஊர்கள். ஒரு பக்கம் தொப்பூர் கணவாய், இன்னொரு பக்கம் ஏற்காடு மலைப்பாதை. டூவீலர் பேரல் (தனியாகக் கழலும் சிலிண்டர்) மட்டும் பார்க்கிற சின்னப் பட்டறையிலிருந்து, ஆறு சிலிண்டர் பிளாக்கை செயின் பிளாக்கில் தூக்கி வைத்து வேலை செய்கிற பெரிய பட்டறை வரை எல்லா ரகமும் உண்டு. எந்த ஒரு கடையின் பெயரையும் சொல்லிப் புகழவோ குறை சொல்லவோ இந்த மதிப்பீடு எழுதப்படவில்லை. ரீபோர் என்ற பெயரில் இங்கே கிடைக்கிற சேவையைக் கட்டம் கட்டமாகப் பார்த்து, எதை நம்பி விடலாம், எதில் பக்கத்தில் நின்று கவனிக்க வேண்டும் என்று சொல்வதுதான் நோக்கம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். குடைகிற கை நன்றாக இருக்கிறது. குடைந்தபின் கல்லால் தேய்த்து முடிக்கிற ஹோனிங் பரவாயில்லை. அளவெடுப்பது பட்டறைக்குப் பட்டறை மாறுகிறது. சுவர் தடிமனைப் பார்ப்பதுதான் பெரிய பலவீனம். வாய்விட்டுக் கேட்டால் ஒழிய செய்ய மாட்டார்கள். புதிதாக ஒரு பட்டறைக்குப் போகிறவர் அதை எடை போட ஒரே ஒரு கேள்வி போதும்: "பிஸ்டன் இல்லாமல் போர் போட்டு வைக்கிறீர்களா அண்ணே?" "பிஸ்டன் வரட்டும், அதற்கப்புறம்தான் மெஷினில் ஏற்றுவேன்" என்று சொல்கிறவரிடம் தயங்காமல் பிளாக்கை விட்டுவிட்டு வரலாம். "சைஸ் எனக்குத் தெரியும், நீங்கள் பிஸ்டனை அப்புறம் வாங்கிக்கொள்ளுங்கள்" என்றால் பிளாக்கை அப்படியே தூக்கிக்கொண்டு அடுத்த பட்டறைக்குப் போவது நல்லது.

"ஒன்று வரை போகும்"

எவ்வளவு வரை போடலாம் என்று கேட்டால் வழக்கமாக வருகிற பதில் இது. ஒரு மில்லிமீட்டர் என்று அர்த்தம். இந்தப் பதில் பிளாக்கைப் பார்த்துச் சொன்னது இல்லை, பிஸ்டன் கடையின் அலமாரியைப் பார்த்துச் சொன்னது. 0.25, 0.50, 0.75, 1.00 என்று நான்கு ஓவர்சைஸில் பிஸ்டன் கிடைப்பதால் பிளாக்கும் நான்கு முறை தாங்கும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். பிஸ்டன் கிடைப்பது ஒன்று, சுவர் தாங்குவது வேறொன்று.

சைஸ் எல்லாமே விட்டத்தில் சொல்லப்படுவது. ஸ்ப்ளெண்டர் 97.2 சிசி இன்ஜினின் ஸ்டாண்டர்டு போர் 50 மி.மீ. 0.50 சைஸ் போட்டால் 50.50 ஆகும், சுவரில் பக்கத்துக்குக் கால் மில்லிதான் குறையும். ஒன்று வரை போனால் பக்கத்துக்கு அரை மில்லி. கேட்பதற்குச் சின்னதாகத் தெரியும். ஆனால் அது எத்தனை மில்லி சுவரிலிருந்து போகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

உற்பத்தியாளர் எதுவரை அனுமதிக்கிறார் என்பதே முதல் எல்லை. மாருதி 800-இன் 796 சிசி இன்ஜினுக்குப் போர் 68.5 மி.மீ. அதற்கு 0.25, 0.50 என்று இரண்டே ஓவர்சைஸ்தான். லைனர் (சிலிண்டருக்குள் செருகும் இரும்புக் குழாய்) இல்லாமல் பிளாக்கிலேயே குடைந்த கம்மின்ஸ் 6பிடி 5.9 லிட்டர் இன்ஜினுக்குப் போர் 102 மி.மீ.; அதற்கு 0.50, 1.00 என்று இரண்டு. இதற்கு மேல் வெளிச்சந்தையில் ஒரு பிஸ்டன் கிடைக்கிறது என்பதற்காக அந்த எல்லை நீண்டுவிடாது.

இரண்டாவது எல்லை, குடையவே கூடாத பிளாக்குகள். யமஹா ஆர்15-இன் டயாசில் சிலிண்டரில் இரும்பு லைனரே கிடையாது. சிலிக்கான் கலந்த அலுமினியத்தின் மேலேயே பிஸ்டன் ஓடுகிறது. கேடிஎம் 390-இல் அலுமினியச் சுவரின் மேல் நிக்காசில் என்ற கடினமான பூச்சு. இவற்றைச் சாதாரண போரிங் டூலில் குடைந்தால் அந்த மேற்பரப்பு போய்விடும், கீழே இருப்பது வெறும் அலுமினியம். சில நூறு கிலோமீட்டரிலேயே கோடு விழுந்துவிடும். இந்த வண்டிகளுக்குப் புது சிலிண்டரும் அதற்குப் பொருந்தும் பிஸ்டனும்தான் வழி. லைனர் அடித்துத் தருகிறோம் என்று சொல்கிற பட்டறைகளும் உண்டு. அன்றாடம் ஓட்டுகிற வண்டிக்கு அதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

சுவர் தடிமன்

தண்ணீர் சுற்றுகிற வார்ப்பிரும்பு பிளாக்கில் சிலிண்டர் சுவர் எல்லா இடத்திலும் ஒரே தடிமனாக இருப்பதில்லை. வார்க்கும்போது உள்ளே வைக்கிற மணல் கோர் கொஞ்சம் நகர்ந்தாலும் ஒரு பக்கம் தடித்துவிடும், எதிர்ப்பக்கம் மெலிந்துவிடும். ஒரே மாடல் இரண்டு பிளாக்கில் ஒன்று 1.00 வரை தாங்குவதும் மற்றொன்று 0.50-இலேயே ஆபத்தாவதும் இதனால்தான்.

சேலத்தில் இன்னொரு காரணமும் சேர்கிறது. இங்கே ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் கடினமானது. கூலண்ட் ஊற்றாமல் அந்தத் தண்ணீரையே ரேடியேட்டரில் ஊற்றி வருஷக்கணக்கில் ஓடிய பிளாக்கின் வாட்டர் ஜாக்கெட்டுக்குள், அதாவது சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓடும் அறைக்குள், பார்த்தால் துருவும் உப்பும் பொருக்குப் பொருக்காக ஏறியிருக்கும். அந்தத் துரு சுவரைத் தின்று வந்தது. உள்ளே எவ்வளவு தேய்ந்தது என்று போரின் விட்டத்தை அளக்கும் டயல் கேஜ் சொல்லும்; வெளியே எவ்வளவு துருத் தின்றது என்று அதற்குத் தெரியாது. ஜாக்கெட்டின் ஓட்டையை மூடியிருக்கும் தகடான வெல்ஷ் பிளக்கைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்ப்பது செலவில்லாத முதல் சோதனை. பிளக்கே பொத்தலாகியிருந்தால் சுவரை அளக்காமல் ஒரு படிகூட மேலே போகக் கூடாது.

அளப்பதற்கு அல்ட்ராசோனிக் தடிமன் மீட்டர் வேண்டும். போருக்குள் வைக்கச் சின்ன விட்டமுள்ள புரோப், ஜெல் தடவி, ஒவ்வொரு சிலிண்டரிலும் நான்கு திசையில், மேல், நடு, கீழ் என்று மூன்று உயரத்தில். நான்கு சிலிண்டருக்கு 48 அளவு. எழுதிக்கொண்டே போனால் அரை மணி நேரத்தில் முடியும். இங்கே பெரும்பாலும் நடக்கிற தவறு ஒன்று உண்டு. இந்த மீட்டர் ஸ்டீலுக்கு ஏற்ற வேகத்தில், அதாவது விநாடிக்கு 5,900 மீட்டரை ஒட்டி, செட் ஆகி வரும். வார்ப்பிரும்பில் ஒலி அவ்வளவு வேகமாகப் போகாது; ரகத்துக்கு ரகம் மாறினாலும் 4,600-ஐ ஒட்டி இருக்கும் என்று வைத்துக்கொண்டால், உண்மையில் 3 மி.மீ. இருக்கும் சுவரை மீட்டர் 3.8 என்று காட்டும். அந்த 0.8 மில்லியை நம்பித்தான் ஒருவர் பெரிய சைஸுக்குப் போவார். அதே பிளாக்கில் வெர்னியரோ மைக்ரோமீட்டரோ எட்டுகிற ஓர் இடத்தை நேரடியாக அளந்து, மீட்டரும் அதே எண்ணைக் காட்டும்வரை வேகத்தை மாற்றிவிட்டு ஆரம்பிக்க வேண்டும். ஜாக்கெட் பக்கம் உப்பு ஏறியிருந்தால் எதிரொலி சரியாக வராது, அளவு குதிக்கும். முதலில் கெமிக்கல் தொட்டியில் போட்டு எடுப்பது உத்தமம்.

எவ்வளவு மிச்சம் இருக்க வேண்டும்? உற்பத்தியாளர் எண் கொடுத்திருந்தால் அதுதான் கணக்கு. கொடுக்காத இடத்தில் கைக்கணக்காக நாங்கள் வைத்திருப்பது: பெட்ரோல் காருக்கு, ஹோனிங் எல்லாம் முடிந்த பிறகு, த்ரஸ்ட் பக்கத்தில் 3.5 மில்லி, மற்ற பக்கங்களில் 3 மில்லி. டர்போ இல்லாத டீசலுக்கு 4.5. டர்போ டீசலுக்கு 5-க்குக் குறைந்தால் தொடுவதில்லை. த்ரஸ்ட் பக்கம் என்பது வெடிப்பின்போது பிஸ்டன் சாய்ந்து அழுத்துகிற பக்கம். அடி வாங்குவது அந்தச் சுவர்தான். மெலிந்த சுவர் முதல் நாளே வெடித்துவிடாது. லோடு ஏறும்போது நெளியும், பிஸ்டன் ரிங் சுவரோடு ஒட்டாது, கேஸ் கீழே இறங்கும், ஆயில் மேலே ஏறும். புதிதாகப் போர் போட்டும் டிப்ஸ்டிக் குழாயில் புகை வருகிறதே என்று ரிங்கைத் திரும்பத் திரும்ப மாற்றிக்கொண்டிருப்பவர்கள் இதை ஒருமுறை பார்க்க வேண்டும். தொப்பூரில் முழு லோடோடு ஏறுகிற வண்டியில் இன்னும் மோசமாகி, கடைசியில் நெடுக்கில் விரிசல் விட்டு ஆயிலில் தண்ணீர் கலக்கும்.

காற்றில் குளிர்கிற டூவீலர் பேரலில் வேலை சுலபம். அலுமினியத்துக்குள் இருக்கிற இரும்பு லைனர், கிராங்க் கேஸுக்குள் நுழைகிற கீழ்ப்பகுதியில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதைச் சுற்றி நான்கு இடத்தில் அளந்தாலே தடிமனும் தெரியும், முன்னால் யாராவது கோணலாகக் குடைந்திருந்தால் அதுவும் தெரியும். ஒரு பக்கத்துக்கும் எதிர்ப்பக்கத்துக்கும் கால் மில்லிக்கு மேல் வித்தியாசம் வந்தால் அந்தப் பேரலில் அடுத்த சைஸ் வேண்டாம்.

எந்த சைஸ் என்று முடிவு செய்வது

இதில் பட்டறைகளுக்குள் வித்தியாசம் அதிகம். சிலர் மேலே ஒரு இடத்தில் வெர்னியர் வைத்துப் பார்த்து சைஸ் சொல்கிறார்கள். அது போதாது. போர் டயல் கேஜால் மேல் ரிங் நிற்கிற இடத்துக்குச் சற்றுக் கீழே, நடுவில், அடியில் என்று மூன்று உயரத்திலும், கிராங்குக்கு இணையாகவும் குறுக்காகவும் இரண்டு திசையிலும் ஆறு அளவு எடுக்க வேண்டும். அதை எழுதிக் காட்டுகிற பட்டறைக்கு எங்கள் மதிப்பெண் கூடும்.

பழைய புல்லட் 350-இன் 70 மி.மீ. போரை எடுத்துக்கொள்வோம். மேலே குறுக்குவாக்கில் 70.30 காட்டுகிறது, அடியில் 70.01. தேய்மானம் 0.30தானே, 0.50 போட்டால் சுத்தமாகிவிடும் என்று தோன்றும். ஆனால் தேய்மானத்தில் பெரும்பகுதி ஒரே சுவரில், த்ரஸ்ட் பக்கத்தில்தான் இருக்கும். முழுவதும் அந்தப் பக்கமே என்றால் அங்கே குழி 0.30 ஆழம். பழைய மையத்திலேயே நிறுத்தி 70.50 குடைந்தால் பக்கத்துக்கு 0.25தான் வெட்டும். 0.05 ஆழத்துக்கு ஒரு நிழல், அதாவது வெட்டுப்படாத தேய்ந்த இடம், மிச்சம் நிற்கும், அதற்குள் ரிங் ஒட்டாது. இந்த நிழலைத் தவிர்க்கத்தான் சிலர் டூலைத் தேய்ந்த இடத்தில் வைத்து மையம் பிடிக்கிறார்கள். அப்போது போர் சுத்தமாகிவிடும், ஆனால் மையம் நகர்ந்திருக்கும், மெலிந்த சுவர் இன்னும் மெலியும். மையம் பிடிக்க வேண்டியது அடியில் ரிங் தொடாத இடத்தில்தான். அப்படிப் பிடித்தும் சுத்தமாகவில்லை என்றால் 0.75-க்குப் போவதா, லைனர் அடிப்பதா என்று வண்டிக்காரரிடம் கேட்டுவிட்டுத் தொடர வேண்டும். கேட்காமலேயே பெரிய சைஸுக்குப் போய்விட்டு "அதுதான் வந்துச்சு" என்பது சரியில்லை.

பல சிலிண்டர் இன்ஜினில் ஒன்று மட்டும் கோடு விழுந்திருந்தாலும் எல்லாவற்றையும் ஒரே சைஸுக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரே ஒரு பிஸ்டன் பெரிதாகவும் கனமாகவும் இருந்தால் இன்ஜின் நடுங்கும்.

மெஷினில் ஏற்றியபின்

சேலத்துப் பட்டறைகளின் பலம் இங்கேதான் தெரிகிறது. பிளாக்கின் மேல்முகத்தில் பழைய கேஸ்கெட்டைச் சுரண்டி, எண்ணெய்க் கல்லால் தேய்த்து, நேர்விளிம்பு வைத்துப் பார்த்துவிட்டு ஏற்றுகிறவர்கள் பலர் இருக்கிறார்கள். இது முக்கியம். போரிங் பார் அந்த முகத்தில்தான் உட்கார்கிறது. அங்கே ஒரு துணுக்கு கேஸ்கெட் ஒட்டியிருந்தாலும் போர் முழுவதும் சாய்ந்துவிடும். சாய்ந்த போரில் பிஸ்டன் ஒரு பக்கமாக உரசும். கழற்றிப் பார்த்தால் பிஸ்டனின் கீழ்ப்பகுதியான ஸ்கர்ட்டில் தேய்மானம் குறுக்காக விழுந்திருக்கும். மையம் கொஞ்சம் நகர்ந்ததை இன்ஜின் பொறுத்துக்கொள்ளும், சாய்வைப் பொறுக்காது.

கார் பிளாக் என்றால் கிராங்க்கைப் பிடிக்கும் மெயின் பேரிங் கேப்புகளைப் பூட்டி, சொன்ன டார்க்கில் (முறுக்கு விசையில்) முறுக்கிவிட்டுத்தான் குடைய வேண்டும். கேப் இல்லாமல் குடைந்துவிட்டுப் பிறகு முறுக்கினால் போர் நெளியும். பிளாக்கைக் கொடுக்கும்போது கேப்பும் போல்ட்டும் வீட்டில் இருந்தால் பட்டறை என்ன செய்யும்? சேர்த்தே கொண்டுபோக வேண்டும். மேலே ஹெட்டுக்குப் பதிலாகத் தடித்த டார்க் பிளேட் பூட்டி ஹோனிங் செய்வது இன்னும் உயர்ந்த முறை. அது எல்லா இடத்திலும் கிடைக்காது. மெலிந்த சுவருள்ள பிளாக்குக்குக் கேட்டுப் பார்க்கலாம்.

டூல் குடைந்து முடிக்கும்போது கடைசி அளவுக்கு 0.05 முதல் 0.08 மில்லி வரை ஹோனிங்குக்கு விட்டு வைக்க வேண்டும். டூல் விட்ட சுருள் கோட்டை எடுக்க அவ்வளவு தேவை. குறைவாக விட்டால் கோட்டின் அடிப்பகுதி மிச்சம் நிற்கும். அதிகம் விட்டால் கல் பிடிக்கிற நேரம் கூடி, போர் வாய்ப்பக்கம் அகன்று மணி வடிவத்துக்கு வரும். முதலில் 180-ஐ ஒட்டிய கல், முடிவுக்கு 240, 280. குறுக்குக் கோடுகள் ஒன்றையொன்று சுமார் 45 டிகிரியில் வெட்ட வேண்டும். கோடு படுத்திருந்தால் ரிங் அதன் மேல் குதித்துப் போகும், ஆயிலும் தங்கி எரியும். நிமிர்ந்திருந்தால் ஆயில் நிற்காமல் வழிந்துவிடும். கல்லை மேலும் கீழும் எவ்வளவு வேகமாக ஆட்டுகிறார் என்பதுதான் இதைத் தீர்மானிக்கிறது. கை டிரில்லில் மூன்று கால் ஹோன் மாட்டி ஓட்டுகிற பட்டறைகளில் இந்தக் கோணம் பெரும்பாலும் படுத்தே வருகிறது. ஹோனிங் மெஷின் இருக்கிற இடத்தில் கொடுக்கச் சொல்வது அதனால்தான்.

பிஸ்டனை முன்கூட்டியே கேட்பது ஏன் என்பது இப்போது புரியும். பெட்டியில் 0.50 என்று எழுதியிருந்தாலும் ஒவ்வொரு பிஸ்டனும் கொஞ்சம் கூடக்குறையத்தான் வரும். ஸ்கர்ட்டின் அடியிலிருந்து உற்பத்தியாளர் சொன்ன உயரத்தில், பிஸ்டன் பின்னுக்குக் குறுக்காக மைக்ரோமீட்டர் வைத்து அளந்து, அந்த அளவோடு கிளியரன்ஸை (பிஸ்டனுக்கும் போருக்கும் நடுவே விடுகிற இடைவெளியை) கூட்டினால் வருவதுதான் கடைசிப் போர். நூறு சிசி பைக்குக்கு 0.03-ஐ ஒட்டி, தண்ணீர் குளிர்விக்கும் பெட்ரோல் காருக்கு 0.02 முதல் 0.05 வரை, பழைய வார்ப்பிரும்புப் புல்லட்டுக்கு 0.10-ஐ ஒட்டி என்று வைக்கலாம். பிஸ்டன் பெட்டிக்குள் வரும் துண்டுச்சீட்டில் வேறு எண் இருந்தால் அதற்கே முன்னுரிமை. பல சிலிண்டர் என்றால் ஒவ்வொரு பிஸ்டனையும் அளந்து, எது எந்தப் போருக்கு என்று தலையில் எண் போட்டு வைக்க வேண்டும்.

வெயிலும் கணக்கில் வரும். மேனுவல் எண்கள் 20 டிகிரிக்கு எழுதப்பட்டவை. ஏப்ரல், மே மாதத்தில் தகரக் கூரை போட்ட பட்டறைக்குள் 40 டிகிரி இருக்கும். அலுமினியப் பிஸ்டன் இரும்புப் போரைவிட அதிகம் விரிவதால், 102 மில்லி போரில் இந்த 20 டிகிரி வித்தியாசத்துக்குக் கிளியரன்ஸ் சுமார் 0.018 குறைந்து தெரியும். தெரிந்து செய்தால் இதில் ஆபத்து இல்லை. ஆபத்து எங்கே என்றால், ஹோனிங் முடிந்த சூட்டோடு போரை அளந்துவிட்டு, நிழலில் இருந்த பிஸ்டனோடு ஒப்பிடுவதில். சூடான போர் பெரிதாகக் காட்டும், ஆறியபின் சுருங்கும், கிளியரன்ஸ் போய்விடும். அப்படி இறுக்கமாகப் போன பிஸ்டனைக் கழற்றிப் பார்த்தால் பிஸ்டன் பின் நுழைகிற துளையை ஒட்டி நான்கு மூலையிலும் உரசல் தெரியும். த்ரஸ்ட் முகங்களில் மட்டும் உரசல் என்றால் ஆயிலையோ கூலிங்கையோ சந்தேகிக்கலாம். நான்கு மூலை என்றால் முதலில் கிளியரன்ஸைத்தான் பார்க்க வேண்டும். பிளாக்கும் பிஸ்டனும் ஒரே மேசையில் ஒரு மணி நேரம் கிடந்தபின் கடைசி அளவு எடுப்பதுதான் சரியான பழக்கம்.

ஆர்எக்ஸ் 100 வைத்திருப்பவர்களுக்கு

டூ ஸ்ட்ரோக் பேரலுக்கு இன்னும் ஒரு வேலை இருக்கிறது, அதை மறந்துவிடுகிற பட்டறைகள் உண்டு. குடைந்தபின், சிலிண்டர் சுவரில் இருக்கிற போர்ட்டுகளின் (கேஸ் வந்துபோகிற துளைகளின்) விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். அதை அரத்தாலோ சின்னக் கல்லாலோ சுற்றி மழுக்கிவிட வேண்டும்; மேலும் கீழும் உள்ள விளிம்புகள் ரொம்ப முக்கியம். விட்டால் ரிங் எக்ஸாஸ்ட் போர்ட்டில் மாட்டி ஒடியும், ஒடிந்த துண்டு போரையும் ஹெட்டையும் சேர்த்தே கெடுத்துவிடும். மழுக்கியபின் கடைசியாக ஒரு முறை லேசாக ஹோன் செய்ய வேண்டும். விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தாலே தெரியும்; நகம் மாட்டினால் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஆர்எக்ஸ் 100-இன் போரும் ஸ்ட்ரோக்கும் 50 மில்லிதான். அதற்கு நல்ல ஓவர்சைஸ் பிஸ்டன் கிடைப்பதே கஷ்டம் என்பதால் ஒவ்வொரு சைஸையும் சிக்கனமாகச் செலவு செய்ய வேண்டும்: 0.25-இல் சுத்தமாகிற பேரலை 0.50-க்குக் கொண்டுபோக விடாதீர்கள்.

லைனர் அடிப்பது

எல்லை தாண்டிய பிளாக்குக்கு லைனர் அடிப்பதில் சேலத்துப் பெரிய பட்டறைகளை நம்பலாம். ஆனால் லைனர் அடித்தால் எந்தப் பிளாக்கும் பிழைத்துவிடும் என்பது தவறு. டிரை லைனரின் (தண்ணீர் நேராகத் தொடாத லைனரின்) சுவர் 2 மில்லிக்கு மேல் இருக்கும். அதற்கு இடம் கொடுக்கத் தாய்ச் சுவரில் பக்கத்துக்கு அவ்வளவு குடைய வேண்டும். 3 மில்லிதான் மிச்சம் இருக்கிறது என்றால் லைனருக்குப் பின்னால் ஒரு மில்லி இரும்புகூட நிற்காது, துரு தின்ற இடத்தில் நேராகத் தண்ணீர் வந்துவிடும். லைனர் அடிப்பதற்கு முன்னாலும் அதே தடிமன் மீட்டர் வேண்டும்.

வார்ப்பிரும்பு பிளாக்கில் லைனர் துளையைவிட 0.05 முதல் 0.08 மில்லி பெரிதாக இருந்து பிரஸ்ஸில் இறங்க வேண்டும். சுத்தியலால் இறங்கினால் லூஸ். அடியில் ஒரு படி விட்டுக் குடைந்து லைனர் அதில் உட்கார வேண்டும், அல்லது மேலே காலர் இருக்க வேண்டும். இரண்டும் இல்லாத லைனர் நாளடைவில் கீழே நழுவி ஹெட் கேஸ்கெட்டை விட்டுவிடும். அடித்தபின் பிளாக்கின் முகத்தை லேசாக ஃபேசிங் செய்து (சீவிச் சமப்படுத்தி), பிறகு போர், பிறகு ஹோனிங். அலுமினியப் பேரல் என்றால் பேரலை 200 டிகிரிக்கு மேல் சீராகச் சூடாக்கி லைனரைத் தானாக இறக்க வேண்டும். கேஸ் டார்ச்சால் ஒரு பக்கம் மட்டும் காட்டினால் ஃபின்கள் கோணிவிடும்.

டிராக்டர், லாரிகளில் வரும் வெட் லைனர் (வெளிப்புறத்தைத் தண்ணீர் நேராகத் தொடுகிற லைனர்) இன்ஜின்களுக்கு இந்தப் பேச்சே தேவையில்லை. கிட்டோடு லைனரை மாற்றி, புது ஓ ரிங் போட்டு, பிளாக் முகத்துக்கு மேல் லைனர் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று டயலால் பார்த்தால் போதும்.

நூறு சிசி பைக்குகளுக்கு பிளாக், பிஸ்டன், ரிங் எல்லாம் சேர்ந்த கிட் கடையிலேயே கிடைக்கிறது. பேரல் ஏற்கெனவே இரண்டு சைஸ் கண்டிருந்தால் அசல் கம்பெனி கிட் வாங்குவது உசிதம். பெயர் தெரியாத கிட்டை வாங்கினால் பூட்டும் முன் அந்தப் புதுப் போரையும் அளந்துவிடுங்கள். புதுசு என்பதற்காக அளவு சரியாக இருக்கும் என்று உறுதி இல்லை.

பூட்டுவதற்கு முன்

போர் போட்ட பேரலைப் பெட்ரோலால் துடைத்துவிட்டுப் பூட்டுவதுதான் நல்ல வேலையைக் கெடுக்கிற பெரிய தவறு. ஹோனிங் கல்லின் தூள் இரும்பின் நுண்துளைகளில் உட்கார்ந்திருக்கும். பெட்ரோலும் டீசலும் அதை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விடும். சுடுதண்ணீர், துணி சோப்புத்தூள், நைலான் பிரஷ் மூன்றும் வேண்டும். தேய்த்துக் கழுவி, காற்று அடித்து, சுத்தமான வெள்ளைத் துணியில் இன்ஜின் ஆயில் நனைத்துத் துடைத்துப் பாருங்கள். துணியில் சாம்பல் நிறம் வந்தால் மறுபடி கழுவ வேண்டும்.

ரிங்கைப் போருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, ஃபீலர் கேஜால் இடைவெளி பாருங்கள். 50 மில்லி போருக்கு 0.15 முதல் 0.30 வரை இருக்கலாம். போர் 0.05 கூடுதலாகப் போயிருந்தால் ரிங் இடைவெளி அதைவிட மூன்று மடங்குக்கு மேல், 0.15 அளவுக்கு, கூடிவிடும். இடைவெளி எதிர்பார்த்ததைவிட அதிகமாக வந்தால் ரிங்கைக் குறை சொல்லும் முன் போரை மறுபடி அளந்து பாருங்கள்.

ஹெட் கேஸ்கெட்டின் துளையும் புதுப் போரைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். ஸ்டாண்டர்டு கேஸ்கெட்டின் இரும்பு வளையம் போருக்குள் நீட்டிக்கொண்டிருந்தால் அது பழுத்து, பற்றவைக்கும் முன்பே வெடிக்க வைக்கும். அதோடு கம்ப்ரஷனும் கொஞ்சம் ஏறும்: 97.2 சிசி இன்ஜினில் 1.00 சைஸ் போட்டால் 101 சிசி ஆகும், 9 என்று இருந்த விகிதம் 9.3-ஐத் தொடும். சக்திக்காக இதைத் தாண்டிக் குடையக் கேட்டு வருகிறவர்களும் உண்டு. சுவர் பிரச்சினை ஒருபுறம் இருக்க, உற்பத்தியாளர் குறிப்பிட்டதிலிருந்து வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது.

ஓட்டிப் பார்ப்பது

முதல் 500 கிலோமீட்டருக்கு ஏற்காடு வேண்டாம். 20 கொண்டை ஊசி வளைவில் குறைந்த கியரில், குறைந்த வேகத்தில், அதிக லோடில் ஏறும்போது காற்றுக் குளிர்ச்சி போதாது. புது ரிங்கும் புதுப் போரும் உரசிச் சூடாகிற நேரத்தில் அது கூடவே கூடாது. அதற்காக மெதுவாக உருட்டிக்கொண்டே இருப்பதும் தவறு. சமதளத்தில், ஓமலூர் பக்கமோ சங்ககிரி பக்கமோ, ஆக்சிலரேட்டரை அரை அளவு திறந்து வேகம் எடுத்து, விட்டு, மறுபடி எடுத்து ஓட்டினால்தான் ரிங் போரில் உட்காரும். ஐடிலில் மணிக்கணக்கில் விட்டு வைத்தால் ஹோனிங் கோடு மழுங்கி, ரிங் உட்காராமலேயே போய்விடும். சாதாரண மினரல் ஆயில் ஊற்றி, 500 முடிந்ததும் மாற்றிவிடுங்கள்.

500 தாண்டி ஆயில் மாற்றியபின் ஏற்காடுதான் சிறந்த சோதனைக் களம். மேலே ஏறிவிட்டு, பெட்ரோல் வண்டியாக இருந்தால் இரண்டாவது, மூன்றாவது கியரிலேயே ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு அடிவாரம் வரை இறங்குங்கள். மூடிய த்ராட்டிலில் சிலிண்டருக்குள் வெற்றிடம் கூடி ஆயிலை உள்ளே இழுக்கும். அடிவாரத்தில் சமதளம் வந்ததும் திறந்து கொடுக்கும்போது பின்னால் வருகிறவரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கொத்து நீலப் புகை வந்து நின்றுவிட்டால் வால்வ் சீலைப் பாருங்கள். தொடர்ந்து வந்துகொண்டே இருந்தால் ரிங் உட்காரவில்லை அல்லது போர் அளவு தவறு. பட்டறையில் அளவெடுத்து எழுதிக் கொடுத்த சீட்டோடு திரும்பிப் போங்கள்; சீட்டு கையில் இருந்தால்தான் பேச்சு நேராக இருக்கும்.

ஏற்காட்டிலிருந்து வந்து பேரலைக் கொடுத்துப் போகிற எஸ்டேட் வண்டிக்காரர்களுக்கு ஒன்று. ஹோன் செய்த இரும்பு பனியிலும் மழையிலும் ஒரே ராத்திரியில் செம்பழுப்பாகத் துரு பூத்துவிடும். அதைத் துடைத்தால் குறுக்குக் கோடும் சேர்ந்து போகும். பட்டறையிலேயே போருக்குள் இன்ஜின் ஆயிலைத் தாராளமாகத் தடவி, பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டி வாங்கிக்கொண்டு மலை ஏறுங்கள். பூட்டுகிற நாளில் மறுபடி சோப்புத் தண்ணீரில் கழுவிக்கொள்ளலாம்.